கண்ணாடி துடைக்க ஒரு சீட்டு

சிங்கப்பூரில் இப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், டொராண்டோவில் மதியம். புலம்பெயர்ந்தவர்களின் உழைப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். அது கடல். நான் ஒரே ஒரு தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஜெர்மனியில் ஜன்னல் துடைக்கும் தொழில்.

2003 டிசம்பர் 31 வரை ஜெர்மனியில் ஒருவர் ஜன்னல் துடைப்பதைச் சொந்தத் தொழிலாக நடத்த வேண்டுமென்றால் சட்டப்படி மைஸ்டர் பட்டம் வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி போகிற போக்கில் ஒரு ஜன்னலைத் துடைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பெயர்ப்பலகை மாட்டி, ரசீது போட்டு, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அதைச் செய்வது கட்டடத் தூய்மை என்ற கைத்தொழில். அதற்கு மூன்று ஆண்டுப் பயிற்சி, பிறகு சில ஆண்டுகள் கூலிக்கு வேலை, அதன் பிறகு மைஸ்டர் தேர்வு. அந்தத் தேர்வில் நான்கு பகுதிகள்: செய்முறை, தொழில் அறிவு, கணக்கும் சட்டமும், கடைசியாகப் பயிற்சி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முறை. எந்தக் கல்லில் எந்த அமிலம் படக்கூடாது என்பதிலிருந்து கூலிக் கணக்கு வரை எல்லாம் கேட்பார்கள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்சிங் டிப்ளமோ முடித்து, இங்கே வந்து, அந்த டிப்ளமோவை ஏற்கச் செய்வதற்காக மறுபடியும் மாணவியாக உட்கார்ந்தவள் நான். நோயாளியின் உடம்பைத் தொடுகிறவளிடம் சான்றிதழ் கேட்பது நியாயம். கண்ணாடியைத் தொடுகிறவரிடம் எதற்கு? ஆனால் சிரித்து முடித்த பிறகு வேறொன்று உறைத்தது. நம் ஊரில் துப்புரவு வேலைக்குச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகப் பிறப்பைக் கேட்டார்கள். இன்ன சாதியில் பிறந்தால் இன்ன வேலை. மலம் அள்ள மனிதரை வைப்பதைத் தடைசெய்ய 2013 இல்கூட இந்தியாவில் மறுபடியும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. துடைப்பதும் கழுவுவதும் கற்றுத் தேர்ந்து, தேர்வெழுதி, சுவரில் சட்டம்போட்டு மாட்டும் பட்டமாக இருக்கும் ஒரு நாட்டைப் பார்த்து அவ்வளவு சுலபமாகச் சிரித்துவிட முடியாது.

ஜெர்மனியும் பிறப்பைக் கேட்ட நாடுதான். இங்கே நகரங்களில் கைத்தொழில்கள் பல நூற்றாண்டுகள் சங்கங்களின் பிடியில் இருந்தன. தச்சர் சங்கம், ரொட்டி சுடுவோர் சங்கம், தையற்காரர் சங்கம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று. ஊரில் எத்தனை மைஸ்டர்கள் இருக்கலாம், யார் மகனைச் சேர்க்கலாம், யார் விதவை கடையைத் தொடரலாம் என்பதைச் சங்கம் முடிவு செய்யும். சேர வருபவன் முறையான திருமணத்தில், மானமுள்ள குடும்பத்தில் பிறந்ததற்குச் சான்று தர வேண்டும். தூக்குத் தண்டனை நிறைவேற்றுபவர், செத்த மாட்டைத் தோலுரிப்பவர் போன்றோரின் பிள்ளைகளுக்கு மானமில்லாத பிறப்பு என்று பெயர், அவர்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. 1731 இல் பேரரசு முழுமைக்குமான ஒரு கைத்தொழில் ஆணை வந்து பெரும்பாலான விலக்குகளை நீக்கச் சொன்னது. அப்போதும் தோலுரிப்பவர்களுக்குக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்தக் கதவை உடைத்தது ஒரு தோல்வி. 1806 இல் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யாவின் கஜானா காலி. வரி வேண்டும். ஹார்டன்பெர்க் முதன்மை அமைச்சராக இருந்தபோது 1810 நவம்பர் 2 அன்று ஒரு வரிச் சட்டம் வந்தது. அதன் சாரம் இதுதான்: அரசுக்கு வரி கட்டி ஒரு தொழில் சீட்டு வாங்கிக்கொள், பிறகு விரும்பிய தொழிலை விரும்பிய ஊரில் செய்துகொள், சங்கத்தைக் கேட்கத் தேவையில்லை. மருத்துவர், மருந்தாளர், மருத்துவச்சி போன்ற சில தொழில்களுக்கு மட்டும் தகுதிச் சான்று. சுதந்திரத்துக்கு எழுதிய சாசனம் என்று இதைச் சிலர் புகழ்வார்கள். எனக்கு இதில் பிடித்தது வரிச் சட்டம் என்ற அதன் நேர்மைதான். அந்தச் சீட்டின் பெயர் கெவெர்பெஷைன். 200 ஆண்டுகளுக்குப் பின்னும் நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் துருக்கியரும் வியட்நாமியரும் நம் ஈழத்தவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். "கெவெர்பெ போட்டுட்டன்" என்றால் சொந்தத் தொழில் பதிந்துவிட்டேன் என்று அர்த்தம். 1869 ஜூன் 21 அன்று வந்த தொழில் சட்டம் இந்தச் சுதந்திரத்தை வடஜெர்மன் கூட்டமைப்பு முழுவதும் கொண்டுபோனது. பிறகு ஒன்றான ஜெர்மனியும் அதை ஏற்றது.

ஜன்னல் துடைப்பது ஒரு தொழிலாவதற்கு முதலில் கண்ணாடி வேண்டும் அல்லவா? நம் மொழியில் காலதர் என்றொரு பழைய சொல் உண்டு, காற்று வரும் வழி என்று பொருள். ஜன்னல் என்ற சொல்லையே போர்ச்சுகீசியரிடமிருந்துதான் வாங்கினோம். என் பாட்டி வீட்டில் ஜன்னல் என்றால் மரக்கதவும் கம்பியும், துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. குளிர்நாட்டில் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விட்டுக் காற்றை வெளியே நிறுத்துகிறது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய கண்ணாடிப் பலகைகள் மலிவாகின. 1871 இல் பெர்லின் தலைநகரமானது, கடைத்தெருக்கள் பளபளத்தன. 1878 இல் மரியுஸ் மூஸி என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே பிரெஞ்சுத் தூய்மை நிறுவனம் என்ற பெயரில் ஒரு தொழில் தொடங்கினார். ஜெர்மானியக் கட்டடத் தூய்மைத் தொழிலின் வரலாறு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. கவனியுங்கள், அவர் வெளிநாட்டவர். பிரான்சும் ஜெர்மனியும் போரிட்டு ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். அவரிடம் யாரும் மைஸ்டர் பட்டம் கேட்கவில்லை, 1869 சட்டத்தின் காலம் அது. சீட்டு வாங்கினார், ஏணியைத் தூக்கினார். 1890 களில் லைப்சிகர் தெருவில் ஆல்ஃபிரட் மெஸ்ஸல் கட்டிய வெர்ட்ஹைம் பேரங்காடி மாதிரி முகப்பெல்லாம் கண்ணாடியான கட்டடங்கள் வந்தபோது இந்தத் தொழிலுக்கு நல்ல காலம்.

இந்தத் தொழிலின் இன்றைய கருவியைத் தந்தவரும் ஒரு குடியேறிதான். எத்தோரே ஸ்தெக்கோனே, இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவின் ஓக்லாந்துக்குப் போய் ஜன்னல் துடைத்தவர். அப்போது இருந்த கருவி கனமான இரும்பு, ரப்பரை மாற்ற ஒரு டஜன் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். அவர் பித்தளையில், ஒற்றை ரப்பர் பட்டையோடு, ஒரு கையால் வீசும்படி ஒன்றைச் செய்து 1936 இல் காப்புரிமை வாங்கினார். ஜெர்மன்காரர்கள் அப்ட்சீயர் என்று சொல்லும் கருவி இன்றும் ஏறத்தாழ அதேதான்.

அதே 1930 களில் இங்கே கதவு மறுபடி சாத்தப்பட்டது. உலகப் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்தவர்கள் கையில் கிடைத்த கருவியோடு சொந்தத் தொழிலில் இறங்க, பழைய கைத்தொழிலாளர்கள் பாதுகாப்புக் கேட்டார்கள். புதிதாக வந்த நாஜி அரசு கொடுத்தது. 1934 இல் கட்டடத் தூய்மை அதிகாரபூர்வமான கைத்தொழிலாக அங்கீகரிக்கப்பட்டது. 1935 ஜனவரியில் வந்த ஆணை, கைத்தொழிலைச் சொந்தமாக நடத்த மைஸ்டர் தேர்வு கட்டாயம் என்றது. துடைப்பவருக்குக் கிடைத்த மரியாதையும் புதிதாக வருபவருக்குப் போட்ட பூட்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே கையிலிருந்து வந்தன.

அந்தக் கை வேறென்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1938 நவம்பர் 9 இரவு யூதர்களின் கடைக் கண்ணாடிகள் நாடெங்கும் நொறுக்கப்பட்டன. நவம்பர் 12 அன்று ஓர் ஆணை: 1939 ஜனவரி 1 முதல் யூதர்கள் சில்லறைக் கடையோ சொந்தக் கைத்தொழிலோ நடத்தக் கூடாது. தலைமுறை தலைமுறையாக மைஸ்டர் பட்டம் வைத்திருந்த யூதத் தையற்காரருக்கும் கண்ணாடி பொருத்துபவருக்கும் அந்தப் பட்டம் ஒரே நாளில் வெறும் காகிதமானது. சொந்தத் தொழில் என்பதைத் தனிமனிதத் துணிச்சலின் கதையாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். யார் துணியலாம் என்பதை அரசு எழுதுகிறது.

போருக்குப் பின் அமெரிக்கர்கள் தங்கள் பகுதியில் 1949 தொடக்கத்தில் மைஸ்டர் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். பவேரியாவிலும் ஹெஸ்ஸனிலும் ஆளாளுக்குக் கடை திறந்தார்கள். அது நீடிக்கவில்லை. 1953 செப்டம்பர் 17 அன்று மேற்கு ஜெர்மனி தன் கைத்தொழில் சட்டத்தை இயற்றி, மைஸ்டர் கட்டாயத்தை நாடு முழுவதும் திரும்பக் கொண்டுவந்தது. தொழில் செய்யும் சுதந்திரத்துக்கு இது முரணல்லவா என்று வழக்குப் போனது. 1961 இல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லும் என்றது.

ஆக, நம் ஈழத் தமிழர்கள் இங்கே வந்தபோது இரண்டு பூட்டுகள் இருந்தன. 1970 களின் இறுதியில் தொடங்கி 1983 க்குப் பிறகு பெருகிய வருகை அது. பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் ஃப்ரீட்ரிஷ் தெரு வழியாக மேற்குக்கு வந்தார்கள். 1985 இல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது. வந்தவர்களுக்கு முதலில் வேலை செய்யவே தடை. 1987 இல் அகதி விண்ணப்பதாரர்களுக்கான தடைக்காலம் ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டது. ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி வேண்டும். பிறகு வேலை அனுமதி கிடைத்தாலும் கடவுச்சீட்டில் ஒரு முத்திரை விழும்: சுயதொழில் அனுமதிக்கப்படவில்லை. துருக்கியத் தொழிலாளர்களின் கடவுச்சீட்டிலும் அதே முத்திரை இருந்தது. கூலிக்கு வேலை செய்யலாம், முதலாளியாகக் கூடாது. முத்திரை ஒரு பூட்டு என்றால் மைஸ்டர் பட்டம் மற்றொன்று. உணவகச் சமையற்கட்டு, பாத்திரம் கழுவுமிடம், இரவில் அலுவலகத் துப்புரவு என்றுதான் அந்தத் தலைமுறை உழைத்தது. அந்தக் கூலியில்தான் பிள்ளைகள் படித்தார்கள். ஹம் நகரில் 2002 ஜூலையில் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் கோபுரத்திலும் அந்தக் கூலி இருக்கிறது. நான் தேவாலயத்துக்குப் போகிறவள், ஆனாலும் அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போது எனக்குப் பாத்திரம் கழுவிச் சிவந்த கைகள்தான் ஞாபகம் வரும்.

இனி 2003. ஜெர்மனியில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலையில்லை. மார்ச் 14 அன்று ஷ்ரோடர் நாடாளுமன்றத்தில் அஜெண்டா 2010 என்ற சீர்திருத்தத்தை அறிவித்தார். வேலை கிடைக்காதவர்கள் தங்களுக்குத் தாங்களே வேலை கொடுத்துக்கொள்ளட்டும் என்பது அதன் ஓர் இழை. இரண்டு சட்டங்கள் கைகோத்தன. ஒன்று, அந்த ஆண்டு ஜனவரியிலேயே தொடங்கிவிட்ட உதவித்தொகை: வேலையில்லாதவர் சொந்தத் தொழில் தொடங்கினால் முதல் ஆண்டு மாதம் 600 யூரோ, இரண்டாம் ஆண்டு 360, மூன்றாம் ஆண்டு 240. இதற்கு இஷ்-ஆகே என்று பெயர் வைத்தார்கள். நான் என்ற ஒற்றை ஆளே ஒரு பங்கு நிறுவனம் என்று அர்த்தம். ஆண்டுதோறும் மிக மோசமான சொல்லைத் தேர்ந்தெடுக்கும் மொழி அறிஞர் குழு ஒன்று இங்கே உண்டு. 2002 க்கான மோசமான சொல்லாக அவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மனிதனின் விதியைப் பங்குச்சந்தை மொழிக்குள் இறக்குகிறது என்பது அவர்கள் புகார். சரியான புகார்.

மற்றொன்று, 2004 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த கைத்தொழில் சட்டத் திருத்தம். 94 தொழில்களில் 41 க்கு மட்டும் மைஸ்டர் கட்டாயம் நீடித்தது. 53 தொழில்கள் திறந்துவிடப்பட்டன. தவறு செய்தால் பிறருக்கு ஆபத்து உண்டா, பயிற்சி தருவதில் அந்தத் தொழிலுக்கு முக்கியப் பங்கு உண்டா என்பன அளவுகோல்கள். கட்டடத் தூய்மை திறந்த பட்டியலில் விழுந்தது. 2020 பிப்ரவரியில் தரை ஓடு பதிப்பவர் உட்பட 12 தொழில்களுக்கு மைஸ்டர் கட்டாயம் திரும்பியபோதும் இது திரும்பவில்லை. 1810 இன் நிலைக்கு வந்துவிட்டோம்: நகராட்சியில் சில பத்து யூரோ கட்டினால் சீட்டு, கைத்தொழில் கழகத்தில் ஒரு பதிவு, பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.

கிளம்பினார்கள். பதிவான நிறுவனங்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பல மடங்கானது. அதே 2004 இன் மே 1 அன்று போலந்து முதலிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அந்நாட்டவர் ஜெர்மனியில் கூலிக்கு வேலை செய்ய 2011 ஏப்ரல் இறுதி வரை கட்டுப்பாடு இருந்தது. ஆனால் சொந்தத் தொழில் தொடங்கத் தடையில்லை. விளைவை நீங்களே ஊகிக்கலாம். ஒரே முகவரியில் பலர் தனித்தனி முதலாளிகளாகப் பதிந்து, எல்லோரும் ஒரே மேற்பார்வையாளரின் கட்டளைக்கு ஒரே வேலையைச் செய்தார்கள். காகிதத்தில் முதலாளி, நடைமுறையில் கூலி, ஆனால் கூலிக்குரிய காப்பீடு ஏதுமில்லை. போலிச் சுயதொழில் என்று அதற்குச் சட்டப் பெயரே உண்டு.

நிறுவனங்களில் கூலிக்குத் துடைத்தவர்களின் நிலையும் இறங்கியது. 2007 இல் இந்தத் துறைக்குக் கட்டாயக் குறைந்தபட்சக் கூலி வந்தது. 2009 அக்டோபரில் கட்டடத் தொழிலாளர் சங்கமான ஐகே பாவ் தலைமையில் துப்புரவாளர்கள் முதன்முறையாக நாடு தழுவி வேலைநிறுத்தம் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்களின் எழுச்சி என்று அதைச் சொன்னார்கள். அந்தப் பெயர் எனக்குப் புரியும். விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் வார்டைத் துடைத்துவிட்டுப் போகிற பெண்ணை, காலை ஷிஃப்டுக்கு வரும் மருத்துவர் பார்த்ததே இல்லை. இந்தத் துறையில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள், அதிக ஆட்கள் உள்ள கைத்தொழில் இதுதான். அதற்குள்ளும் ஒரு மேல் கீழ் உண்டு. 2024 இல் உள்ளே தரை துடைப்பவருக்கு மணிக்குக் குறைந்தபட்சம் 13.50 யூரோ, கண்ணாடியும் வெளிச்சுவரும் துடைப்பவருக்கு 16.70. தரையில் பெரும்பாலும் பெண்கள், ஏணியில் பெரும்பாலும் ஆண்கள். கண்ணாடிக்குப் பயிற்சி வேண்டும், உயரம் உண்டு என்று காரணம் சொல்வார்கள். தொற்று வார்டின் கழிப்பறையைத் துடைக்க வேண்டிய பயிற்சியும் கவனமும் எவ்வளவு என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

இந்தத் திறந்த கதவு வழியாகப் போன ஒருவரை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலையில் பத்தொன்பது ஆண்டுகள். நிரந்தர வேலை, ஆண்டுக்கு முப்பது நாள் விடுப்பு, ஓய்வூதியம். நாற்பத்தேழு வயதில் அதை விட்டுவிட்டு ஜன்னல் துடைக்கப் போனார். ஊரிலும் உறவிலும் எழுந்த பேச்சை உங்களால் கற்பனை செய்ய முடியும். அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் என்று வளர்ந்தவர்கள் நாம். அவருடைய துணைவியார் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை என்று அவரே சொன்னார்.

ஏன் போனீர்கள் என்று கேட்டேன். வேலை பிடிக்காமல் இல்லை, முதுகு போய்விட்டது என்பதும் பாதிதான் என்றார். ஒவ்வொரு மாதமும் அட்டவணை போடுபவரிடம் போய் மகளின் பிறந்தநாளுக்கு லீவு கேட்டு நிற்பது அலுத்துவிட்டது. "ஆரிட்டையும் லீவு கேக்கத் தேவையில்லை எண்டு நினைச்சுத்தான் வெளிக்கிட்டன் தங்கச்சி. இப்ப மழையிட்டைக் கேக்க வேண்டிக் கிடக்கு." மழையில் துடைத்தால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது, தொலைபேசியில் வேண்டாம் என்றுவிடுவார்கள். உறைபனி நாளில் தண்ணீரில் சாராவி கலந்துகொள்வார். மற்றபடி வாடிக்கையாளர்கள் நல்லவர்கள். வீட்டுச் சேவைக்குக் கொடுக்கும் கூலியில் 20 சதவீதத்தை, ஆண்டுக்கு 4,000 யூரோ வரை, தங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் ரசீது வேண்டும், பணம் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும், கையில் கொடுத்தால் செல்லாது. இந்த ஒரு விதி அவருக்கு விளம்பரத்தைவிட அதிக வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

அவர் கணக்கை நான் ஒரு செவிலியாகப் பார்த்தேன். வேலையில் இருந்தபோது நோய் வந்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம். அது யாரும் தானமாகத் தந்ததல்ல. 1956 அக்டோபரில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் உலோகத் தொழிலாளர்கள் பதினாறு வாரம் வேலைநிறுத்தம் செய்து பாதை போட்டது அது. சொந்தத் தொழிலில் அந்த ஆறு வாரம் இல்லை. மருத்துவக் காப்பீட்டில் தனியாக எழுதிக்கொடுத்து, கூடுதல் சந்தா கட்டினால் 43 ஆம் நாளிலிருந்து நோய்க்காலத் தொகை வரும். காப்பீட்டுச் சந்தாவின் முதலாளி பங்கையும் அவரே கட்டுகிறார், ஏனென்றால் முதலாளி அவர்தான். 2018 வரை, வருமானம் குறைவாக இருந்தாலும் சுயதொழில் செய்பவர் பொதுவாக மாதம் 2,000 யூரோவுக்கு மேல் சம்பாதிப்பதாக வைத்துத்தான் சந்தாவைக் கணக்கிட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் அந்த அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினார்கள். அதுவரை இந்தச் சந்தாவாலேயே கடையை மூடியவர்கள் உண்டு.

இன்னொன்று, அவரே எனக்கு விளக்கியது. அரசின் தொடக்கநிலை உதவித்தொகை இப்போதும் வேறு பெயரில் இருக்கிறது. அது வேலையில்லாமல் இருந்து தொழில் தொடங்குபவருக்கு. தானாக வேலையை விட்டவருக்கு வேலையிழப்புத் தொகையே பொதுவாகப் பன்னிரண்டு வாரம் நிறுத்திவைக்கப்படும். அதாவது தள்ளிவிடப்பட்டவனுக்குக் கை கொடுப்பார்கள், தானாக நடந்து வெளியே வந்தவன் தானாகத்தான் நடக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஓய்வூதியம். மைஸ்டர் கட்டாயமுள்ள தொழிலில் பதிந்தவர் சட்டப்படி 18 ஆண்டுகள் அரசு ஓய்வூதியத்துக்குச் சந்தா கட்டியாக வேண்டும். 2004 இல் திறந்துவிட்ட தொழில்களில் புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மைஸ்டர் பட்டியல் ஒரு வேலி, புதியவர்களை வெளியே நிறுத்தியது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். உள்ளே இருந்தவரின் முதுமைக்கும் அதுவே வேலியாக இருந்தது. வேலியைப் பிடுங்கியபோது இரண்டும் சேர்ந்து போயின. சுயதொழில் செய்பவர்களை ஓய்வூதியத்துக்குள் கொண்டுவருவோம் என்று கூட்டணி ஒப்பந்தங்களில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், 2025 இலும் எழுதினார்கள். அண்ணா காத்திருக்கவில்லை. பேசாமல் இருந்த அந்த ஒரு மாதத்தின் முடிவில் துணைவியார் வைத்த ஒரே நிபந்தனை, தாமாக விரும்பிக் கட்டும் ஓய்வூதியச் சந்தாவை ஒரு மாதமும் நிறுத்தக் கூடாது என்பது. ஜெர்மன் அரசு 2004 இல் மறந்ததை ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் சமையலறையில் உட்கார்ந்து சட்டமாக்கியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாகப் படுகிறது என்றால், என் தொழிலிலும் இதே கதை தலைகீழாக நடந்திருக்கிறது. ஜெர்மனியில் நவீன செவிலியம் 1836 இல் கைசர்ஸ்வெர்த்தில் தியோடோர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியார் தொடங்கிய டீக்கனஸ் இல்லத்திலிருந்து வருகிறது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1851 இல் அங்கே வந்து பயிற்சி பெற்றார். தாய் இல்லம் என்பார்கள். சேர்ந்த பெண்ணுக்குச் சம்பளம் இல்லை, சிறு கைச்செலவுப் பணம் மட்டும். அனுப்பிய இடத்துக்குப் போக வேண்டும். பதிலுக்கு நோயிலும் முதுமையிலும் இல்லம் பார்த்துக்கொள்ளும், கல்லறைவரை. இதைவிட நிலையான வேலை உலகத்தில் இல்லை. அந்தச் சகோதரிகளின் ஊழியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வெளியே வந்தவர்களும் இருந்தார்கள். தாய் இல்லத்தை விட்டுத் தனியாக வீடு வீடாகப் போய்க் கூலிக்கு நோயாளிகளைப் பார்த்த அந்தப் பெண்களுக்குக் காட்டுச் சகோதரிகள் என்று பட்டப்பெயர்.

அவர்களில் ஒருவர் ஆக்னஸ் கார்ல். 1868 இல் பிறந்தவர், ஹனோவரின் க்ளெமெண்டீனன் இல்லத்தில் பயின்றவர். 1891 இல் அதைவிட்டு வெளியேறி பெர்லினில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தனிச் செவிலியாக வேலை செய்தார். நோயாளி இருந்தால் இரவும் பகலும் வேலை, இல்லாவிட்டால் வாடகைக்குக் காசில்லை. உடம்பு கெட்டது. அவர் தாய் இல்லத்துக்குத் திரும்பவில்லை. வெளியே வந்தவர்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்று 1903 ஜனவரியில் பெர்லினில் செவிலியர் தொழிற்சங்கம் ஒன்றைத் தொடங்கினார். வேலை தேடித் தருவது, நோய்க்கும் முதுமைக்கும் காப்பீடு ஏற்பாடு செய்வது, செவிலியர் படிப்புக்கு அரசுத் தேர்வு கேட்பது என்பவைதான் அதன் வேலைகள். 1907 இல் பிரஷ்யாவில் அரசுத் தேர்வு வந்தது. வெளியே வந்தபின் கூரையைத் தாங்களே கட்டிக்கொண்ட பெண்கள் அவர்கள்.

இப்போது 2019 க்கு வாருங்கள். ஆள் பற்றாக்குறையால் பல செவிலியர்கள் நிரந்தர வேலையை விட்டு, தங்கள் மணிக்கூலியைத் தாங்களே சொல்லி, முதியோர் இல்லங்களில் ரசீது போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். நல்ல காசு. அந்த ஆண்டு ஜூன் 7 அன்று காசல் நகரிலுள்ள சமூகக் காப்பீட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இல்லத்தின் அட்டவணைக்கும் ஒழுங்குக்கும் உட்பட்டு, இல்லத்தின் கருவிகளோடு, இல்லத்தின் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்பவர் பொதுவாகச் சுயதொழில் செய்பவர் அல்ல, ஊழியர்தான். அதிகக் கூலி வாங்குவதால் அது மாறாது. காப்பீட்டுச் சந்தா கட்டியாக வேண்டும்.

என் தோழிகள் சிலருக்குக் கோபம். நாம் படித்த தொழிலில் நாம் முதலாளியாக முடியாதா என்று கேட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் தீர்ப்பு சரி என்பதுதான் என் கருத்து. இரவுப் பணியில் பன்னிரண்டு நோயாளிகளுக்கு நடுவே நிற்கும்போது எதையும் நானாக முடிவு செய்வதில்லை, எந்த நோயாளியை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அண்ணா சொல்ல முடியும். நாலாவது மாடியில், வெளியே மட்டும் திறக்கும் ஜன்னலைப் பார்த்துவிட்டு, இது என்னால் ஆகாது, மேடை வண்டி வைத்திருக்கும் கம்பெனியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஏணி பற்றிய விதிகள் 2018 இறுதியில் கடுமையானபோது பழைய ஏணிகளைத் தூக்கிப்போட்டு, அகலப் படி வைத்த புதிய ஏணியைச் சொந்தக் காசில் வாங்கினார். முடிவும் அவருடையது, செலவும் அவருடையது.

இன்றைய நிலவரத்தில், எங்கள் மருத்துவமனைக் கண்ணாடியைத் துடைக்க நான் நாளைக்கே சீட்டு வாங்கி ரசீது அனுப்பலாம். அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பவரைத் துடைத்துவிடுவதற்கு ரசீது அனுப்ப முடியாது. என்னிடம் இருக்கும் சான்றிதழ் இரண்டாவது வேலைக்கானது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். நாளை எனக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட்.